கம்பியை சைட்டில் வெட்டுவதா, வெட்டி வளைத்ததை வாங்குவதா?

ஒரு ஸ்லாபுக்கு 8 மி.மீ. கம்பி 4.4 மீட்டர் நீளத்தில் 100 துண்டு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடையிலிருந்து வருவது 12 மீட்டர் கம்பி. ஒன்றில் இரண்டு துண்டுதான் தேறும், மீதி 3.2 மீட்டர். 50 கம்பி வெட்டினால் 160 மீட்டர் மிஞ்சும். எடைக்கு சுமார் 63 கிலோ. கொஞ்சம் ரிங்குக்கு, அதாவது பீம், தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்துக்குப் போகும். மற்றது மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்து பழைய இரும்புக்கடைத் தராசில் ஏறும்.

கம்பி கட்டுபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்பி வீட்டுக்காரருடையது, கூலியோ பெரும்பாலும் சதுரடிக் கணக்கு. மிச்சம் பிடித்தால் அவருக்கு என்ன கிடைக்கப் போகிறது?

கம்பியை வெட்டி வளைத்தே தரும் 'கட் அண்ட் பெண்ட்' ஆலையில் கணக்கே வேறு. ஒரு சைட்டில் மிஞ்சும் துண்டு இன்னொரு சைட்டின் லிஸ்டில் பொருந்திவிடும். மெல்லிய கம்பி காயிலாக (சுருளாக) வந்தால் 12 மீட்டர் என்ற வரம்பே இல்லை. ரிங்கின் கொக்கியும் ஒழுங்காக இருக்கும். நிலநடுக்க விதியான ஐஎஸ் 13920 கேட்பது 135 டிகிரி. சைட்டில் பலர் 90-இலேயே நிறுத்திவிடுகிறார்கள், வளைக்கக் கை வலிக்கும் அல்லவா!

ஆனால் ஆலைக்கு ஆர்டர் போகும் முன் வரைபடம் இனி மாறாது என்று முடிவாகிவிட வேண்டும். எங்கள் சைட் ஒன்றில் கம்பி வந்து இறங்கிய பிறகு, வீட்டம்மா ஹாலை ஒரு அடி நீட்டச் சொன்னார். பீம் கம்பி அத்தனையும் ஒரு அடி குட்டை. சைட்டில் வெட்டியிருந்தால் அன்று காலை டேப்பை நகர்த்திப் பிடித்திருப்போம், அவ்வளவுதான். கட்டுக்குக் கட்டு அட்டை கட்டி வந்தாலும், இறக்குகிறவர்கள் கலந்து போட்டால் பொறுக்கி எடுக்கவே அரை நாள்.

பல மாடிக் குடியிருப்பு, ஒரே தளம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் யோசிக்காமல் ஆலைக்கே விடலாம். தனி வீட்டுக்கு நான் ரிங் மட்டும் வெளியே வாங்குவேன். நேர்க்கம்பியை சைட்டில்தான் வெட்டுவேன், அதுவும் எந்த நீளத்தில் எத்தனை துண்டு என்று கட்டிங் லிஸ்ட் போட்ட பிறகே. மேலே சொன்ன ஸ்லாபையே எடுங்கள்: சன்ஷேடுக்கு 1.5 மீட்டர் துண்டுகள் வேண்டும் என்று முன்பே தெரிந்தால் 4.4 + 4.4 + 1.5 + 1.5 = 11.8. ஒரு கம்பிக்கு வீண் 20 செ.மீ.