அம்மாவின் மூளை ஸ்கேன்: கோவையில் மூன்று நாள்

டொராண்டோவிலிருந்து மூன்று வாரம் லீவு போட்டு சோமனூர் வந்த இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது, அம்மாவின் நடை மாறியிருக்கிறது. போனில் பேசும்போது இது தெரியவே இல்லை. சொந்தக்காரர் பெயரெல்லாம் ஒன்று விடாமல் சொல்கிறார், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரமாகிறது, வாசப்படியில் கால் ஒட்டிக்கொண்ட மாதிரி தயங்குகிறார், ரசத்துக்குப் புளி கரைத்துவிட்டு அடுத்தது என்ன என்று புரியாமல் அடுப்பைப் பார்த்து நிற்கிறார். வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றே ஒன்று: "வயசாயிருச்சில்ல."

கோவையில் மறுநாளே நரம்பியல் டாக்டரைப் பார்க்க முடிந்தது, அதற்கு மறுநாள் காலை எம்ஆர்ஐ. என் முழங்காலுக்கு டொராண்டோவில் ஐந்து மாதம் காத்திருந்தவன் நான், இந்த வேகம் உண்மையிலேயே பெரிய விஷயம்.

ஸ்கேன் சென்டரில் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். இருபது வருஷமாகக் கழற்றாத திருகு. அங்கே வேலை பார்த்த பெண் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து, அம்மாவின் முகத்தைத் தாங்கிப் பிடித்து, பத்து நிமிஷம் பொறுமையாகத் திருகி எடுத்தார். உள்ளே போய் வந்த அம்மா, "ஏங்கண்ணு, நம்ம தறிக்குடோனுக்குள்ள படுத்த மாதிரியே இருந்துச்சு" என்றார்.

ரிப்போர்ட்தான் வருத்தம். 'வயது சார்ந்த மாற்றங்கள்' என்று ஒரே வரி. நல்லவேளை ஸ்கேன் படங்கள் பதிந்த சிடியும் (குறுந்தகடு) கேட்டு வாங்கியிருந்தேன். டாக்டர் அதைத் திரையில் போட்டு ஒவ்வொரு படமாகக் காட்டினார். ஃபிளேர் என்கிற ஒருவகை எம்ஆர்ஐ படத்தில் மூளையின் வெள்ளைப் பகுதியில் திட்டுத்திட்டாக வெளுப்பு. இந்த வெளுப்பை மதிப்பிட 1987-இல் ஃபசெகாஸ் என்ற நரம்பியல் டாக்டர் வகுத்த, 0 முதல் 3 வரை போகும் அளவில் இது 2. உள்ளே இரண்டு சின்னக் குழிகள், எங்களுக்குத் தெரியாமலே வந்துபோன பக்கவாதத்தின் தழும்பு. இன்னொரு வகைப் படத்தில் மிளகுப்பொடி தூவின மாதிரி கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்றும் தேடினார், அவை நுண்ணிய ரத்தக்கசிவின் தடம், ஆஸ்பிரின் மாதிரி மருந்து கொடுக்கும் முன் பார்த்துக்கொள்வது நல்லது. அம்மாவுக்கு இல்லை.

வயதானவர்கள் பலருக்கு இந்த வெளுப்பு இருக்கும், படத்தை மட்டும் வைத்து மறதி நோய் (டிமென்ஷியா) என்று சொல்ல முடியாது என்று சொல்லி, கடிகாரம் வரையவைத்து, நடக்கவைத்து, அரை மணி நேரம் அம்மாவோடு உட்கார்ந்தார். அப்புறம் பிரஷர் பார்த்தார். 168க்கு 94.

"தலைசுத்தல் நின்னுபோச்சுங்க, அதான் மாத்திரைய நிறுத்திட்டனுங்க" என்றார் அம்மா. ஆறு மாசமாக நிறுத்தியிருக்கிறார். எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது.

இந்த வெளுப்பும் குழியும் பெரும்பாலும் மூளையின் மெல்லிய ரத்தக்குழாய்கள் கெடுவதால் வருபவை. அவற்றைப் பல வருஷமாகக் கெடுப்பதில் ரத்த அழுத்தத்துக்குத்தான் பெரிய பங்கு. மேல் அளவை 120க்குக் கீழே வைக்கப் பார்த்தவர்களுக்கு, 140க்குக் கீழே போதும் என்று விட்டவர்களைவிட, வெளுப்பு குறைவாகவே கூடியது என்று 2019-இல் வந்த ஸ்பிரிண்ட் என்ற அமெரிக்க ஆய்வு எம்ஆர்ஐ வைத்தே காட்டியது. லேசான நினைவுத் தடுமாற்றமும் குறைந்தது; முழு டிமென்ஷியா குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அம்மாவுக்கு எந்த அளவு சரி என்பதை டாக்டர் மெதுவாகத்தான் முடிவு செய்வாராம், திடீரென்று இறக்கினால் அம்மா மயங்கி விழுந்துவிடக்கூடும்.

அதனால் ஊருக்கு வருகிறவர்களே, ரிப்போர்ட்டோடு திரும்பாதீர்கள், சிடியை வாங்கிப் படத்தை டாக்டரிடம் காட்டுங்கள், வீட்டில் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். எங்கள் சிடி பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது, அடுத்த படம் எடுக்கும்போது ஒப்பிட வேண்டும்.