ஸ்ட்ரீம் வாங்குவதா, பிளேலிஸ்ட் பிடிப்பதா, விளம்பரம் போடுவதா?

ஸ்பாட்டிஃபையில் புதுப் பாட்டு வரப்போகிறது, கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரீம்களை, அதாவது பாட்டு கேட்கப்பட்ட எண்ணிக்கையை, ஆயிரக்கணக்கில் விற்கும் தளங்கள், பிளேலிஸ்ட்டில் சேர்த்துவிடுவதாக மெசேஜ் அனுப்புகிறவர்கள், சாதாரண விளம்பரம் என மூன்று இடத்தில் அதைச் செலவழிக்கலாம்.

முதலாவதுதான் மலிவு. 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது என்ற விதி 2024இல் வந்தபிறகு, இதில் ஆசையும் கூடிவிட்டது. ஆனால் போலி என்று தெரிந்தால் அந்த எண்ணிக்கையைக் கழித்துவிடுவார்கள். அப்பட்டமான போலி என்றால் பாட்டுக்கு 10 யூரோ அளவில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பாட்டை ஸ்பாட்டிஃபையில் ஏற்றித்தரும் நிறுவனத்துக்கு) அபராதம் வேறு. அதைப் பல நிறுவனங்கள் கலைஞர் தலையிலேயே கட்டுகின்றன. பாட்டைத் தூக்கிவிடவும் செய்யலாம்.

பிடிபடாவிட்டாலும் நஷ்டம்தான். உங்கள் பாட்டைக் கேட்டவர்கள் வேறு என்னென்ன கேட்கிறார்கள் என்பதும் பாட்டு யாருக்குப் பரிந்துரையாகும் என்பதைத் தீர்மானிக்கிறது. பாட் (bot) கணக்குகள், அதாவது மனிதர் இல்லாமல் தானாக ஓடும் போலிக் கணக்குகள், கேட்பது காசு கொடுத்த மற்றவர்களின் பாட்டுகளை. உங்களுடையது கானாப் பாட்டு என்றால், அது அந்தக் கும்பலோடு சேர்ந்துவிட்டால், கானா ரசிகரிடம் போய்ச் சேர்வது கஷ்டம்.

இரண்டாவது வழிக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். 'எல்லாம் நிஜ ரசிகர்கள்' என்பார்கள். ஆனால் பிளேலிஸ்ட்டைக் கேட்பது பாட் கணக்குகளாக இருக்கும். எனக்குத் தெரியாது என்றாலும் அபராதம் அபராதம்தான். காசுக்கு இடம் உறுதி என்பதே ஸ்பாட்டிஃபை விதிக்கு எதிரானது. பிளேலிஸ்ட் நடத்துகிறவர்களுக்குப் பாட்டை அனுப்பும் சப்மிட்ஹப், குரூவர் போன்ற தளங்கள் வேறு ரகம்: அங்கே காசு, கேட்டுப் பார்ப்பதற்கு மட்டும், சேர்ப்பதும் விடுவதும் பிளேலிஸ்ட்காரர் இஷ்டம். சந்தேகம் வந்தால் கலைஞர்கள் தங்கள் பாட்டின் கணக்கைப் பார்க்கும் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸில், கேட்பவர்களின் ஊர்ப் பட்டியலைப் பாருங்கள். தமிழ்ப் பாட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒரே வெளிநாட்டு நகரத்தில் திடீர்க் கூட்டம், ஆனால் சேவ் செய்தவர் யாருமில்லை என்றால் விஷயம் தெளிவு. சில சமயம் கேட்காமலேயே இப்படிச் சேர்த்துவிடுவார்கள். அந்தப் பிளேலிஸ்ட்டை உடனே புகார் செய்துவிடுங்கள்.

விளம்பரம் மெதுவானது, ஒரு ரசிகருக்கு ஆகும் செலவும் அதிகம். பாட்டை அதிகம் பரிந்துரைக்கச் சொல்லும் ஸ்பாட்டிஃபையின் டிஸ்கவரி மோட் என்றால் முன்பணம் வேண்டாம், அதன்மூலம் வரும் ஸ்ட்ரீம்களின் ராயல்டியில் 30 சதவீதம் போகும். அதுவும் ஒருவிதத்தில் காசு கொடுத்து இடம் பிடிப்பதுதானே என்றால், ஆமாம். ஆனால் கேட்கிறவர் மனிதர்.

என் ஓட்டு இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு. அதற்கு முன், வெளியீட்டுக்கு ஏழு நாளாவது இருக்கும்போதே ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் எடிட்டர்களுக்குப் பாட்டை பிட்ச் செய்துவிடுங்கள், அதாவது பரிசீலிக்கச் சொல்லி அனுப்பிவிடுங்கள். அதற்குக் காசே கிடையாது.