பெரம்பூரில் பெடல் ஆர்கன் ரிப்பேர்: எங்கள் சபை அனுபவம்

காசிமேட்டில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது எங்கள் சபை. என் மாமியார் காலத்திலிருந்து அங்கே ஒரு பெடல் ஆர்கன் உண்டு. 61 கட்டை, இரண்டு வரிசை ரீடு, அதாவது காற்றில் அதிர்ந்து ஒலி தரும் பித்தளை நாக்குகள். முப்பது வருடமாக நான்தான் வாசிக்கிறேன். இரண்டு வருடம் முன்பு பாதிக் கட்டை ஊமையாகிவிட்டது. மிதித்து மிதித்துக் கால் வலித்ததுதான் மிச்சம்.

முதலில் வந்த ஒருவர் துருத்தித் தோலை வெள்ளைப் பசை தடவி ஒட்டினார். மூன்றே மாதத்தில் தோல் அட்டை மாதிரி விறைத்து மடிப்பிலேயே வெடித்தது. கேட்டால், ரீடு எல்லாம் போச்சு, கீபோர்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

அப்புறம்தான் பெரம்பூரில் லோகோ ஒர்க்ஸ் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் பெரியவரிடம் போனோம். பெயர்ப் பலகைகூட இல்லாத கடை. கடை முழுக்கக் கைப்பெட்டி ஆர்மோனியம்தான் இருந்தது, அதனால் எனக்குத் தயக்கம். ஆர்மோனியம் காற்றை ஊதும், எங்கள் ஆர்கன் உறிஞ்சும். ஆனால் சபைக்கு வந்து பின்பலகையைத் திறந்ததுமே, "இது உறிஞ்சுற ஜாதி, டீச்சர்" என்றார். எனக்கு அப்போதே நிம்மதி.

கொக்கி போட்டு ரீடுகளை ஒவ்வொன்றாக உருவினார். உப்புக் காற்றில் பித்தளையெல்லாம் பச்சைக் களிம்பு. "நாக்கு உடையல, அழுக்குதான் அடைச்சிருக்கு." 122 ரீடில் மாற்றியது நான்கே நான்கு. சுருதி சேர்த்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நாக்குக்கு அடியில் மெல்லிய தகடு செருகி, சுருதி ஏற வேண்டுமென்றால் நுனியில் சுரண்டுவார், இறங்க வேண்டுமென்றால் அடிப்பக்கம். இரண்டே சுரண்டல். பொருத்திக் கேட்பார், மறுபடி உருவுவார். துருத்திக்குப் புதுத் தோல் போட்டு வஜ்ஜிரம் (விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை) காய்ச்சி ஒட்டினார். "நாளைக்கு வேற ஒருத்தர் பிரிக்கணும்னா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தா வந்துடும்" என்றார். அந்தப் பேச்சுக்கே இவரை எல்லாச் சபைக்கும் சொல்வேன்.

போன் எடுக்கமாட்டார், நேரில்தான் போக வேண்டும். ஒரு மாதம் என்றவர் நான்கு மாதம் எடுத்தார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்புதான் வேலை முடிந்தது. தோலும் கூலியும் சேர்த்து 22,000 ரூபாய், அதற்கு மேலேயே கொடுக்கலாம்.

இப்போது மெதுவாக மிதித்தாலே போதும். கீழ் ஸ்தாயியில் கட்டையைப் பிடித்தால் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு வரை அதிர்வு வருகிறது. இந்த மழையில் மேல் ஸ்தாயியில் இரண்டு கட்டை ஊறி மாட்டிக்கொண்டது. ஈரம் காயட்டும், பொங்கல் கழித்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.