அகிலாரா, கயாப்யாபா?

பிலிப்பைன்ஸ் பாட்டு கேட்கத் தொடங்குபவருக்குப் பாடகர் ஃப்ரெடி அகிலார், இசையமைப்பாளர் ரயன் கயாப்யாப் என்று இரண்டு வாசல்கள். 1978-இல் மணிலாவில் நடந்த முதல் மெட்ரோபாப் பாடல் போட்டியில் இருவரின் பாடல்களும் மோதின. முதல் பரிசு கயாப்யாபின் ‘காய் கண்டா நங் ஆட்டிங் மூசிகா’வுக்கு. பாடியவர் ஹாஜி அலெஹாண்ட்ரோ. அகிலாரின் ‘அனாக்’ (பிள்ளை) இறுதிச் சுற்றோடு சரி. ஆனால் உலகம் சுற்றியது அதுதான். பல மொழிகளுக்குப் போனது.

காரணம் எளிது. படிப்பை விட்டு, வீட்டைவிட்டு வெளியேறி, மதுக்கூடங்களில் கிடாருடன் பாடிப் பிழைத்தவர் அகிலார். பெற்றோரிடம் கேட்கும் மன்னிப்பாகவே அந்தப் பாட்டை எழுதினார். நீ பிறந்தபோது அப்பா அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷம், ராத்திரியில் அம்மா எழுந்து பால் கலக்கினாளே என்று மகனிடமே பேசுகிறது. ஒரு கிடாரும் அந்தக் கரகரத்த குரலும் போதும், மொழி புரியாவிட்டாலும் தொண்டை அடைக்கும். 2025 மே மாதம் அவர் காலமானார்.

கயாப்யாப் வேறு ரகம். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் இசை பயின்றவர். 2018-இல் தேசியக் கலைஞர், மறு ஆண்டு மகசேசே விருது. 1981-இல் வாத்தியமே இல்லாமல், எல்லாக் குரலையும் தானே பாடி ஒரு ஆல்பம் போட்டார். அப்புறம் ஸ்மோக்கி மௌண்டன் குழுவுக்காகத் தேங்காயின் உபயோகங்களை அடுக்கும் குறும்புப் பாட்டு! பள்ளிப் பாடகர் குழுக்களுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம் என்றால் ‘அனாக்’. வாரக்கணக்கில் கேட்க ஆள் வேண்டும் என்றால், என் ஓட்டு கயாப்யாபுக்கு.