ஃபிகர் சேர்ப்பு அலுத்துப்போனால்: கொலுப் பெட்டி முறையின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

அலமாரியில் இடம் இருக்கும்வரை, சினிமா, காமிக்ஸ், அனிமே பாத்திரங்களின் பிளாஸ்டிக் உருவங்களான ஃபிகர்களைச் சேர்ப்பவருக்கு அலுப்பு வராது. நிறைந்த பிறகுதான் வரும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மூன்று வரிசையாக நெருக்கி நிறுத்தினால் பின்வரிசை கண்ணுக்கே தெரியாது. முன்வரிசையின் தோளில் தூசி. கடைசியாக வந்த பார்சல் பிரிக்கப்படாமல் பீரோ மேல் கிடக்கும். இந்த நிலைக்கு வந்தவர்கள் ஒன்று மொத்தத்தையும் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள், இல்லையென்றால் இன்னும் விலை கூடிய ஒன்றை வாங்கிப் பார்ப்பார்கள். பின்னது ஒரு வாரம் தாங்கும்.

மதுரைக்காரர்களுக்கு வேறொரு வழி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கொலு வைக்கும் வீடுகளில் அதே தசாவதார செட், அதே செட்டியார் பொம்மை, பாட்டி காலத்திலிருந்து வருகிறது, யாருக்கும் சலிப்பதில்லை. பக்தி மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. நவராத்திரிக்குப் படி ஏறும் பொம்மைகள் மீதி வருஷமெல்லாம் பெட்டிக்குள் இருக்கின்றன. எடுக்கும்போது துடைக்க வேண்டும், உடைந்ததை ஒட்ட வேண்டும், புதிதாக ஒன்றாவது சேர்க்க வேண்டும். அந்த ஒன்றோடு நிறுத்தினாலும் யாரும் குறை சொல்வதில்லை. இதே ஒழுங்கை மார்வெல் லெஜண்ட்ஸ் (மார்வெல் வீரர்களின் ஆறங்குல வரிசை), ஃபிகுவார்ட்ஸ் (மூட்டு அசையும் ஜப்பானிய வரிசை), நெண்டோராய்டு (பெரிய தலை, குட்டை உடல்) வகையறாவுக்குப் பொருத்திப் பார்த்த அனுபவம்தான் இது. முறை வேலை செய்கிறது. ஆனால் மண் பொம்மையைக் கட்டி வைக்கிற மாதிரியே பிளாஸ்டிக்கையும் கட்டி வைத்தால் அடுத்த முறை பெட்டியைத் திறக்கும்போது அழுகைதான் வரும்.

அலுப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஒரு செட்டை ஆரம்பித்தால் முடிக்காமல் விட மனசு வராதபடிதான் கம்பெனிகள் பொருளைத் திட்டமிடுகின்றன. மார்வெல் லெஜண்ட்ஸில் பல வரிசைகளில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வேறொரு பெரிய உருவத்தின் கையோ காலோ இருக்கும். அந்தப் பெரிய ஆள் முழுசாக வேண்டுமென்றால் பிடிக்காத ஃபிகரையும் சேர்த்து வாங்கியாக வேண்டும். ஹாட் வீல்ஸில் 1995 முதல் வரும் ‘டிரெஷர் ஹன்ட்’ என்ற அரிய கார்களுக்காகக் கொக்கியில் தொங்கும் அத்தனை அட்டையையும் புரட்டுவதே பொழுதுபோக்காகிவிடும். லபூபு பொம்மை மாதிரி மூடிய பெட்டிகளில் உள்ளே எது இருக்கிறது என்பதே தெரியாது. மூன்றிலும் சந்தோஷம் வாங்கும் நிமிஷத்தோடு தீர்ந்துவிடுகிறது, வீட்டுக்கு வந்த பொருளிடம் செய்ய வேலை எதுவும் இல்லை. விலையும் ஒரு காரணம். பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். முன்பதிவு செய்து மாதக்கணக்கில் காத்திருந்து, பார்சல் வருவதற்குள் ஆசை ஆறிப்போகிறது.

இனி முறை. மொத்தச் சேர்ப்பை நாலு பங்காகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கு அலமாரியில், மூன்று பங்கு பெட்டியில். தை, சித்திரை, ஆடி, புரட்டாசி என்று வருஷத்தில் நாலு மாற்றம். இடைவெளி சமமாக இல்லாதது வேண்டுமென்றே வைத்ததுதான், ஊர் வெயிலையும் மழையையும் ஒட்டிய கணக்கு அது. 15 சென்டிமீட்டர் உயர ஃபிகருக்கு, கையைக் காலை விரித்து நிற்க, 11 அல்லது 12 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். 90 சென்டிமீட்டர் தட்டில் ஒரு வரிசைக்கு ஏழு அல்லது எட்டுக்கு மேல் வைக்காதீர்கள். பின்வரிசை வைப்பதாக இருந்தால் 8 சென்டிமீட்டராவது உயர்த்த வேண்டும், அப்போதுதான் மார்புக்கு மேலே தெரியும். பிளைவுட் துண்டில் வெள்ளைத்துணி போர்த்திப் படி கட்டினால் போதும்; அக்ரிலிக் படி அழகுதான், ஆனால் கீறல் விழும்.

கொலுவில் மரப்பாச்சிதான் முதலில் படியேறும், அதற்கு விடுப்பு கிடையாது. அந்த மாதிரி ஒரே ஒரு ஃபிகரை மாற்றாமல் நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதுக்கு அந்தச் சலுகையைக் கொடுத்தால் முறை அப்போதே கெட்டது.

பெட்டி விஷயத்தில்தான் நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலான ஃபிகர்களின் மெல்லிய பாகங்கள், அதாவது முகம், முடி, அங்கி எல்லாம் பி.வி.சி. அதை வளையும்படி வைத்திருப்பது உள்ளே கலந்த பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்ப் பொருள். சூட்டில் அது மெல்ல வெளியே கசியும். காற்றுப் புகாத பையில் கிடந்தால் மேலேயே தங்கிப் பிசுபிசுக்கும். அதே எண்ணெய் தெர்மோகோலைத் தின்னும். பி.வி.சி. பொம்மையை நேராகத் தெர்மோகோலில் படுக்க வைத்தால் தொட்ட இடம் உருகினாற்போல் குழிந்து, பொம்மை முதுகில் வெள்ளை மணிகள் ஒட்டிக்கொள்ளும். கொலு பொம்மைக்குச் சுற்றுகிற செய்தித்தாளும் ஆகாது. அச்சு மை மென்மையான பி.வி.சி.க்குள் இறங்கிவிடும், சோப்புக்கு அசையாது. பாச்சை உருண்டை அதைவிட மோசம். நாப்தலீன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை, முக்கியமாகப் பாலிஸ்டைரீனை, இளக்கிவிடும். பாச்சை உருண்டை போட்ட துணிப் பீரோவில் பொம்மையை வைப்பதும் அதே கணக்குதான்.

சரியானது இதுதான்: பலமுறை துவைத்த பருத்தித் துணி, பழைய வேட்டி ரொம்ப நல்லது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, வாள், கை மாதிரியான உதிரிகளைத் தனிச் சின்னத் துணிப் பையில் பெயர் எழுதிப் போட வேண்டும். பெட்டி மூடியில் இரண்டு ஓட்டை இருக்கட்டும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் அடிக்கடி மாற்றணும், மாற்றாத பொட்டலம் சும்மா இடம்தான் அடைக்கும். ஒரிஜினல் அட்டைப் பெட்டிகளை வைத்திருப்பவர்கள் கரையானையும் இராமபாணப் பூச்சியையும் மனதில் வைத்து, சுவரை ஒட்டாமல், தரையைத் தொடாமல் வைக்க வேண்டும்.

பரண் மேல் மட்டும் வேண்டவே வேண்டாம். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண் அக்னி நட்சத்திரத்தில் அடுப்புதான். அந்தச் சூட்டில் ஃபிகரின் கணுக்கால் தன் எடை தாங்காமல் வளையும். சித்திரை மாற்றத்தை அதற்காகவே வைத்தது: ஒல்லிக் காலும் பெரிய முடியும் உள்ள ஜப்பானிய ஃபிகர்களைப் படுக்க வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, கட்டையான நெண்டோராய்டு, டை-காஸ்ட் (உலோக வார்ப்பு) கார் மாதிரியானவற்றை அலமாரிக்கு ஏற்றலாம். ஆடியில் அம்மியே பறக்கும் என்பார்கள், தூசியைச் சொல்லவா வேண்டும். கதவு இடுக்கில் ஒட்டும் ஃபோம் பட்டை ஒரு சுற்று போட்டால் முக்கால்வாசி நின்றுவிடும்.

எடுக்கும்போது துடைப்பதுதான் இந்த முறையின் உயிர். பிசுபிசுப்புக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, மென்மையான பிரஷ், ஐந்து நிமிஷம். கடைசி அலசல் ஆர்.ஓ. தண்ணீரில் இருக்க வேண்டும். போர் தண்ணீரில் அலசிக் காயவிட்டால் கறுப்பு அங்கியில் உப்புக்கோடு வெள்ளையாக நிற்கும். நிழலில் காய வையுங்கள். ஸ்பிரிட், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. அசிட்டோன் ஏ.பி.எஸ். என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கைக் கரைத்தே விடும்.

சாய்ந்துபோன காலை நிமிர்த்த 60 முதல் 70 டிகிரித் தண்ணீர், அதாவது கொதி வருவதற்கு நன்றாக முன்னால் இறக்கியது. ஒன்று இரண்டு நிமிஷம் முக்கி, இளகியதும் நேராக்கி, பிடித்த கையை விடாமல் ஐஸ் தண்ணீரில் அரை நிமிஷம். கையை விட்டால் பழைய கோணலுக்கே திரும்பும். இறுகிய மூட்டைப் பலத்தால் திருப்பினால் உள்ளே இருக்கும் குச்சி முறிந்து மூட்டுக்குள்ளேயே தங்கிவிடும், அதை எடுப்பது பெரும்பாடு. முதலில் ஹேர் டிரையர், பிறகு மெல்ல முன்னும் பின்னும். தளர்ந்த மூட்டுக்கு உருண்டையின் மேல் ஃபெவிகால் மெல்லிய பூச்சு, முழுசாகக் காய்ந்த பிறகு பொருத்தினால் பிடிமானம் வரும். தண்ணீரில் ஊறினால் அந்தப் பூச்சு போய்விடும் என்பதால் கழுவிய பிறகு திரும்பச் செய்யணும். ஃபெவிக்விக்கை இதற்குப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு; கை ஒரு கணம் தாமதித்தால் மூட்டு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும், கண்ணாடி மாதிரிப் பாகம் பக்கத்தில் இருந்தால் ஆவி படிந்து வெளிறும். பளபளப்பைக் குறைக்கும் மேட் ஸ்பிரே அடிப்பதாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்துவிடுங்கள். ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும்.

பழைய ஃபன்ஸ்கூல் ஜி.ஐ.ஜோ சிப்பாய் பொம்மைகள் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை, ஏனென்றால் ஆர்வத்தைத் திரும்பக் கொண்டுவருவதில் இதற்கு இணை கிடையாது. இடுப்புக்கு மேலும் கீழும் தனித்தனியாக வந்துவிட்டால் உடைந்துவிட்டது என்று தூக்கிப்போடுவார்கள். உண்மையில் உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் ஓ-ரிங் வெயிலில் இற்றுப்போயிருக்கும், அவ்வளவுதான். முதுகில் ஒரே ஒரு ஸ்க்ரூ. சரியான அளவு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் கழற்றினால் மார்பு இரண்டு பாதியாகத் திறக்கும். ஓ-ரிங்கின் மேல் வளையம் ஸ்க்ரூ இறங்கும் தண்டில் மாட்டியிருக்கும், கீழ் வளையம் இடுப்புத் துண்டின் ஓட்டை வழியாகப் போய்க் கால்களை இணைக்கும் உலோகக் கொக்கியில். இற்றுப்போன துண்டை எடுத்துக்கொண்டு மோட்டார் பம்ப் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனால் அளவு பார்த்துக் கொடுப்பார்கள்; அரை சைஸ் முன்னே பின்னே இரண்டு வாங்கிக்கொள்வது நல்லது. பெரியதாக இருந்தால் ஆள் தொளதொளவென்று ஆடுவான், சின்னதாக இருந்தால் இடுப்புத் துண்டு பிளக்கும். கைகளையும் தலையையும் இடத்தில் வைத்து மூடி, ஸ்க்ரூ நின்றதும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கால் சுற்று முறுக்கினால் உள்தண்டு விரியும். துப்பாக்கியைக் கையில் திணிக்கும்முன் கையைச் சூடு காட்டுங்கள், இந்த வரிசையில் முதலில் ஒடிவது கட்டைவிரல்தான். திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் குவியலைக் கிளறுகிறவர்கள் இப்படி இடுப்பு விட்டவர்களைப் பார்த்தால் விடாமல் எடுத்துக்கொள்ளலாம்.

புதிதாக வாங்க வேண்டிய ‘வருஷத்துக்கு ஒன்று’ ஃபிகராகத்தான் இருக்கணும் என்றில்லை. ஆறங்குல ஃபிகர்கள் ஏறக்குறைய 1:12 அளவு, அதாவது நிஜத்தில் ஓர் அடி இங்கே ஓர் அங்குலம். இரண்டரை சென்டிமீட்டர் பித்தளைச் சொப்புக் குடம் அந்தக் கணக்கில் 30 சென்டிமீட்டர் தண்ணீர்க் குடம். ஆகவே சொப்புச் சாமான் கடையில் கிடைக்கும் அம்மி, ஆட்டுக்கல், குடம் எல்லாம் ஸ்பைடர்மேன் பக்கத்தில் அளவு பிசகாமல் நிற்கும். மூணே முக்கால் அங்குல ஜி.ஐ.ஜோவுக்கு இதெல்லாம் அண்டா அளவு, சரிப்படாது. ஒரு குடத்தையும் மண் சுவரையும் வைத்ததும் அதே பழைய பொம்மை வேறு ஆளாகத் தெரிவான்; போன் கேமராவை பொம்மையின் கண் மட்டத்துக்கு இறக்கிப் பிடித்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

இந்த முறைக்குக் குறைகளும் உண்டு. நாலு மாற்றமும் ஒவ்வொரு முறை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளும். உதிரி தொலைவது பெட்டி மாற்றும்போதுதான். நுண்ணிய பாகங்களைக் கோர்த்துக் கட்டும் கன்பிளா என்ற ஜப்பானிய ரோபோ மாடல்களுக்கு இது ஒத்துவராது, கட்டி முடித்த கிட்டை நாலு முறை சுற்றிப் பிரித்தால் ஆன்டெனா மிஞ்சாது. அவற்றை ஒரே இடத்தில் விட்டுவிடலாம். விற்பதா வைத்துக்கொள்வதா என்ற குழப்பத்துக்கு மட்டும் இது நல்ல தராசு. பெட்டியைத் திறக்கும்முன் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஞாபகத்துக்கு வராதது போகட்டும்.

பின்னணிக்குத் திண்ணை, கிணறு, மதில் வேண்டுமென்றால் திருப்பரங்குன்றம் பக்கத்து விளாச்சேரியில் சொல்லிச் செய்யலாம். ஆவணிக்குப் பிள்ளையார், புரட்டாசிக்குக் கொலு, மார்கழிக்குக் கிறிஸ்துமஸ் குடில் என்று அங்கே வேலை அடுக்கடுக்காக இருக்கும், ஆகவே தை மாசியில் கேட்பது உத்தமம். சுட்ட மண்ணா, காகிதக்கூழா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தட்டிப் பார்த்தால் சுட்ட மண் கணீரென்று ஒலிக்கும், பிளாஸ்டர் டொக்கென்று அடங்கும். காகிதக்கூழை ஈரத்துணியால் துடைக்கக்கூடாது. இரண்டரை அடித் திண்ணைக்கு இரண்டரை அங்குலம் என்று சொல்லும்போது, அது சுட்ட பிறகு வர வேண்டிய அளவு என்பதையும் சேர்த்துச் சொல்லணும். களிமண் காய்ந்து சுட்டெடுப்பதற்குள் பத்தில் ஒரு பங்குவரை சுருங்கும். சொல்லாமல் விட்டால் திண்ணை கேட்டதைவிடக் குட்டையாக வந்து நிற்கும்.