5.10 என்று எழுதாதீர்கள்: கொடையாளர் விவரப் பதிவில் ஐந்து வருடம்

கிருஷ்ணகிரி பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தார் சம்மதம் தந்ததும், அவருடைய விவரங்களைத் திரட்டி, தமிழ்நாட்டின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானுக்கு அனுப்புவது என் வேலை. முதலில் காகிதப் படிவம், அப்புறம் கொஞ்ச நாள் எக்ஸெல், மூன்று வருடமாக நிர்வாகம் வாங்கிக் கொடுத்த ஒரு மென்பொருள். மூன்றிலும் இரவு இரண்டு மணிக்கு, கண் எரிய எரிய, விவரம் ஏற்றியிருக்கிறேன்.

மென்பொருளின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துத் தொல்லை போனது. யார், எந்த நேரத்தில், எதைத் திருத்தினார்கள் என்று தெரிகிறது. லேப் ரிப்போர்ட்டை அப்படியே இணைக்கலாம். இவ்வளவுதான்.

எனக்குப் பெரிய குறை ஒன்றே ஒன்று: அதில் ‘தெரியவில்லை’ என்று சொல்ல இடமில்லை. எடைக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. வென்டிலேட்டரில் கிடப்பவரை எதில் நிறுத்தி எடை பார்ப்பது? பழைய பதிவுகளை ஒருநாள் புரட்டினேன். வரிசையாக 60, 60, 65, 60. ஒல்லியாக இருந்தவரும் அறுபது, வாட்டசாட்டமானவரும் அறுபது. யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை, கட்டம் நிரம்பினால்தான் வண்டி நகரும் என்பதால் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிட்டார்கள். காகிதத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். வெறும் இடத்தைப் பார்த்தால் எதிர்முனையில் இருப்பவர் போன் போட்டுக் கேட்பார். அறுபதைப் பார்த்தால் ஏன் கேட்கப் போகிறார்?

உயரத்தில் நடந்தது இன்னும் மோசம். ஐந்தடி பத்தங்குலம் உள்ளவருக்கு எங்கள் ஆள் 5.10 என்று ஏற்றினார். மென்பொருள் அதை 5.1 அடியாக எடுத்துக்கொண்டு 155 சென்டிமீட்டர் என்று காட்டியது. உண்மையில் 178. நுரையீரலைப் பொருத்துவதற்கு உயரம்தான் முக்கியமான அளவு, பெரிய நுரையீரல் சின்ன மார்புக்கூட்டில் அடங்காது. நல்லவேளை, எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் ஒருவர், “என்னங்க, இவ்வளவு குள்ளமானவருக்கு இவ்வளவு பெரிய நெஞ்சா?” என்று கேட்டார். அவர் கேட்காமல் விட்டிருந்தால் எங்கே போய் முடிந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இதயத்தை எடுத்தால் சுமார் நாலு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும், இங்கிருந்து சென்னை 250 கிலோமீட்டருக்கு மேல். அங்கே போய்த் தப்பைக் கண்டுபிடித்தால் திரும்பி வர நேரம் இருக்காது. அன்றிலிருந்து தையல்காரர் டேப் ஒன்று என் பையிலேயே கிடக்கிறது. படுத்திருப்பவரைத் தலை முதல் குதிகால் வரை அளந்து, சென்டிமீட்டரில் மட்டும் எழுதுகிறோம்.

ரத்த குரூப்புக்கு வருகிறேன். ஓசூர் கம்பெனி அடையாள அட்டையிலும் டிரைவிங் லைசென்ஸிலும் இருக்கும் குரூப்பை நம்பவே கூடாது. அதில் பாதி அவரவர் வாயால் சொன்னது. தொப்பூர் கணவாயில் அடிபட்டு வந்தவருக்கு அவசரத்தில் ஓ குரூப் ரத்தம் பல யூனிட் ஏற்றியிருந்தால், அதற்கப்புறம் எடுக்கும் சாம்பிளில் குரூப் குழம்பி வரலாம். சலைனும் நிறைய ஏறியிருந்தால் ரத்தம் நீர்த்துப்போய், ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் சோதனைகள்கூடப் பொய்யாக நெகடிவ் காட்டும் ஆபத்து உண்டு. அதனால் ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த குழாயைக் கொட்டிவிடாதீர்கள் என்று அவசரப் பிரிவு சிஸ்டர்களிடம் கெஞ்சி வைத்திருக்கிறேன். குரூப்பை இரண்டு தனித்தனி சாம்பிளில் பார்க்கிறோம். 2003-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஓ குரூப் சிறுமிக்கு ஏ குரூப் இதயமும் நுரையீரலும் வைத்துவிட்டார்கள், அவள் பிழைக்கவில்லை. அவ்வளவு பெரிய இடத்திலேயே, இன்னொருவர் சரிபார்த்திருப்பார் என்று ஆளுக்கு ஆள் நினைத்ததில் நடந்தது அது.

பெயர் விஷயம் நம்ம ஊருக்கே உரியது. ஒரே வார்டில் இரண்டு மாதையன், மூன்று முருகன். ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் ஒரு எழுத்து. தேன்கனிக்கோட்டை பக்கம் கன்னட உச்சரிப்பில் இன்னொன்று. பிறந்த தேதி பலருக்கு ஜனவரி 1. அதனால் ரத்தக் குழாயில் பெயரை மட்டும் ஒட்டுவதில்லை, ஐபி நம்பரும் (உள்நோயாளிப் பதிவு எண்) இருந்தே ஆக வேண்டும்.

குடும்பத்தாரிடம் கேட்டு எழுதும் விவரத்தை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. ஒரு அம்மாவிடம், “பையனுக்குச் சக்கரை இருந்ததாம்மா?” என்றேன். “இல்லைங்க சார், மாத்திரை போட்டா சரியாயிடும், அவ்வளவுதான்” என்றார்கள். குடிப்பழக்கத்தைப் பற்றி அம்மாவிடமோ மனைவியிடமோ கேட்டால் தலை தானாக ஆடும், இல்லையென்று. வாசலில் டீக்கடையில் நிற்கும் கூட்டாளியை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டால்தான் கல்லீரலின் கதை வெளியே வரும். இப்போதெல்லாம் பதிலோடு சேர்த்து அதை யார் சொன்னார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எக்ஸெலிலிருந்து மென்பொருளுக்கு மாறியபோது பழைய பதிவுகளில் ஒரு நெடுக்கை நகர்ந்து, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு, ஏறினால் கெடுதல்) இடத்தில் சோடியம் போய் உட்கார்ந்தது. கிரியேட்டினின் 148 என்று இருந்தால் யாருக்கும் கண்ணில் படும். இல்லை என்பது ஆம் ஆகிவிட்டால் படாது. பிரிட்டனில் ஓட்டுநர் உரிமத் துறையிலிருந்து வந்த விவரங்களை ஏற்றும்போது, 1999 முதல் சுமார் 8 லட்சம் பேரின் உறுப்புக்கொடை விருப்பம் தவறாகப் பதிவாகிக் கிடந்தது 2010-இல்தான் வெளியே தெரிந்தது.

எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு பழைய வழக்கம்தான். அனுப்பும் முன் ஒருவர் திரையைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பார், இன்னொருவர் மூல ரிப்போர்ட்டில் விரல் வைத்து, சாம்பிள் எடுத்த நேரத்தோடு சேர்த்து ஒத்துப்பார்ப்பார். அந்த நேரத்தைச் சேர்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. வந்த அன்றைய கிரியேட்டினின் 2.1 மேலே இருக்க, இன்றைய 1.2 அடியில் கிடந்து, ஒரு நல்ல சிறுநீரகம் கிட்டத்தட்டக் கைவிடப்பட இருந்தது. மூளைச்சாவு சோதனைகள் இரண்டுக்கும் நடுவில் ஆறு மணி நேரம் இருக்கிறதே, ரிப்போர்ட்களை நேரப்படி அடுக்குவதற்கு எனக்குக் கிடைக்கும் அமைதியான பொழுது அதுதான்.

மென்பொருள்காரர்களிடம் மூன்று முறை எழுதிக் கேட்டேன். போன மாத அப்டேட்டில் ‘இன்னும் அளக்கவில்லை’ என்ற தேர்வு வந்திருக்கிறது. எடைக்கும் உயரத்துக்கும் மட்டும். வைரஸ் சோதனைப் பக்கத்தைத் திறந்தால் இப்போதும் எல்லாமே நெகடிவ் என்று தானே நிரம்பித்தான் வருகிறது. நாலாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.