வீட்டில் ஜெயித்த ஹெட்ஃபோன் ரயிலில் தோற்கும்

ஹெட்ஃபோன்களை ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கதவைச் சாத்திய அறையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். வாங்குகிறவரோ அதை மாட்டிக்கொண்டு ரயில் ஏறுகிறார். அறையில் கேட்ட ஒலி அங்கே கிடைப்பதில்லை. வண்டியின் இரைச்சலில் பெரும்பங்கு கீழ் அலைவரிசைகளில் இருக்கிறது, பாட்டின் பேஸும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இரண்டும் மோதினால் பாட்டுதான் அடிபடும். கையோடு எடுத்துப்போகிற ஹெட்ஃபோனை இரண்டு இடத்திலும் கேட்காமல் மதிப்பிடவே கூடாது என்பது என் கட்சி. அதனால் நான்கு ஹெட்ஃபோன்களை அறையில் ஒருமுறை, ஓடும் ரயிலில் ஒருமுறை என்று கேட்டேன்.

நான்கும் நான்கு ரகம். காஸ் போர்ட்டா ப்ரோ, பின்பக்கம் திறந்தது. ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ், காதைச் சுற்றி மூடுவது. எடிமோட்டிக் இஆர்4எஸ்ஆர், காதுக்குள் செருகுவது. சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4, வயரில்லாமல் இரைச்சலையும் நீக்குவது.

கேட்டுப் பார்க்க ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனப் பதிவை எடுத்துக்கொண்டேன். தொப்பி என்ற இடப்பக்கத்தில் கனத்து உருளும் கும்கி நாதம் பேஸைச் சோதிக்கும், வலந்தலை என்ற வலப்பக்கத்தில் விழும் சொற்கள், அதாவது விரல் அடிகள், மேல் அலைவரிசைகளைச் சோதிக்கும். பின்னால் ஓடும் தம்புராவின் ரீங்காரம் இன்னும் கறாரான பரீட்சை.

கேட்பதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி உண்டு, பலர் இதைச் செய்வதில்லை. எல்லா ஹெட்ஃபோன்களின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதுதான் ‘தெளிவாக’ இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். சத்தம் குறைந்தால் பேஸ் கேட்கும் திறனும் குறையும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே காட்டிவிட்டார்கள். வயரில்லாத ஹெட்ஃபோனுக்குள் தனி ஆம்ப்ளிஃபையர் இருப்பதால், போனில் வால்யூம் கோடு ஒரே இடத்தில் நிற்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முன்பு ஒருமுறை இதைக் கவனிக்காமல் ஒரு ஹெட்ஃபோனை எல்லோரிடமும் புகழ்ந்தேன். பிறகு சத்தத்தைச் சமன் செய்து கேட்டபோது அந்த வித்தியாசத்தில் பாதி காணாமல் போயிற்று. அன்றிலிருந்து சமன் செய்யாமல் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

போர்ட்டா ப்ரோ 1984-இல் வந்தது. இன்றும் அநேகமாக அதே உருவத்தில் விற்கிறது. காதின் மேல் உட்காரும் பஞ்சு, மெல்லிய உலோகப் பட்டை, 60 ஓம் மின்தடை. மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். அறையில் இதை மாட்டியதும் முகம் மலர்கிறது. 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் இதற்கு ஒரு மேடு உண்டு, அதனால் தொப்பியின் கும்கி சதைப்பிடிப்போடு உருண்டு வருகிறது. மேல் அலைவரிசைகள் சற்று மழுங்கல்தான். தம்புரா ஒலிக்கிறது, ஆனால் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவாளி நூல் கிளப்பும் அந்த மினுமினுப்பு பாதிதான் கேட்கிறது. இருந்தாலும் பின்பக்கம் திறந்திருப்பதால் இசை மண்டைக்குள் அடைபடாமல் கொஞ்சம் விலகி நின்று வாசிப்பதுபோல் இருக்கிறது. இந்தத் திறப்பை மற்ற மூன்றாலும் தர முடியவில்லை.

ரயிலில் அதே பதிவு. வலந்தலைச் சொற்கள் மட்டும் டக் டக்கென்று கேட்டன. தொப்பி ரயிலோடு போய்விட்டது. கை தானாக வால்யூமை ஏற்றுகிறது, நான் பயப்படுவது அதற்குத்தான். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். வண்டிச் சத்தத்தை அமுக்க 10 டெசிபல் ஏற்றினால் 40 மணி நேரம் 4 மணியாகச் சுருங்கிவிடும். பக்கத்து இருக்கைக்காரருக்கும் பாட்டு கேட்கும்.

எம்50எக்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒலி எழுப்பும் பாகமான டிரைவர் 45 மில்லிமீட்டர், 38 ஓம், கழற்றி மாற்றக்கூடிய வயர். பேஸ் கொஞ்சம் தூக்கல், மேலே ஒரு கூர்மை, சொற்கள் சுத்தம். ரயிலில் பேச்சுக் குரல்களை ஓரளவு தடுக்கிறது, சக்கரத்தின் உறுமலைத் தடுக்கவில்லை.

மூடிய ரகம் எதுவானாலும் ஒரு விஷயம் பொருந்தும். நான் கண்ணாடி போடுகிறவன். கண்ணாடிக் காம்பு இயர்பேடைத் தூக்கிப் பிடிக்கும் இடத்தில் ஒரு சிறு சந்து விழுகிறது. பாட்டு ஓடும்போது அந்த இடத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள், கும்கி உடனே கனக்கும். விரலை எடுங்கள், இளைத்துவிடும். பல ஆயிரம் மணி நேரம் உழைத்துச் செய்த டிரைவரின் பேஸ் அந்தச் சந்து வழியாக ஒழுகிப்போகிறது. ‘இதில் பேஸே இல்லை’, ‘இதில் பேஸ் பிய்க்கிறது’ என்று ஒரே மாடலுக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இருவரும் பொய் சொல்லவில்லை, அவரவர் தலை வேறு.

இஆர்4எஸ்ஆர் முற்றிலும் வேறு உலகம். முதல் இஆர்-4 வந்தது 1991-இல், இந்த வடிவம் 2016-இல். உள்ளே ஒரே ஒரு பேலன்ஸ்டு ஆர்மச்சர் டிரைவர், காது கேட்கும் கருவிகளில் இருக்கும் அதே வகை. செருகுவதற்கே பழக்கம் வேண்டும். வலது காதுக்கு என்றால் இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலே, பின்னால் இழுக்க வேண்டும். துளை நேராகும்போது மூன்றடுக்கு ரப்பர் முனையை லேசாக ஈரப்படுத்தி, திருகியபடி உள்ளே தள்ள வேண்டும். சரியாக உட்கார்ந்த நொடியில் தண்ணீருக்குள் முங்கியதுபோல் வெளி உலகம் அடங்கிவிடும். அது நடக்கவில்லையென்றால் இன்னும் உட்காரவில்லை என்று பொருள். பாதி செருகிவிட்டு ‘தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது’ என்று திருப்பித் தந்தவர்களை எனக்குத் தெரியும்.

உட்கார்ந்த பிறகு கேட்டால், நாலாம் வேகத்தில் வாசிக்கும்போதும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுகிறது. விரல் தோலை விட்டு எழும்பும் ஓசைகூடக் கேட்கிறது. தம்புராவில் ஜீவாளி தெரிகிறது. தொப்பி அளவாக ஒலிக்கிறது. இருக்கிறதே தவிர நெஞ்சில் இடிப்பதில்லை. பேஸில் குளிக்க விரும்புகிறவருக்கு இது வறட்சியாகத்தான் தோன்றும். ஆனால் ரயிலில் கேட்டபோது அறையில் கேட்ட ஒலி அநேகமாக அப்படியே இருந்தது, வால்யூமை ஏற்ற வேண்டியிருக்கவில்லை. நான்கில் இதைச் செய்தது இது ஒன்றுதான். பதிலுக்கு, வயர் சட்டையில் உரசினால் காதுக்குள் சரசரக்கும், நடந்தால் காலடி மண்டையில் இடிக்கும். சாலையில் நடக்கும்போது இதைப் போடவே போடாதீர்கள், வண்டி வருவது தெரியாது.

எக்ஸ்எம்4 வேலை செய்வது வேறு வழியில். வெளி இரைச்சலை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உடனே எழுப்பி இரண்டையும் அழித்துவிடுகிறது. இந்த உத்தி சுமார் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் நன்றாகப் பலிக்கும். சக்கர உறுமல் மறைகிறது, எதிர் இருக்கைப் பேச்சு மங்கலாகவேனும் கேட்கிறது. பாட்டை விழுங்கும் அதே கீழ் அலைவரிசைகளைத்தான் இது அகற்றுகிறது என்பதால் பயணத்தில் பெரிய லாபம். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்ததும் கேட்டால் பேஸ் அதிகம். தொப்பியின் கனம் வலந்தலை மேல் கம்பளி போர்த்தியதுபோல் விழுகிறது. சோனியின் செயலியில் ‘கிளியர் பேஸ்’ என்ற பேஸ் அளவை இரண்டு மூன்று படி இறக்கினால் நல்ல முன்னேற்றம் தெரியும். ஒலியைத் திருத்த அதில் இருக்கும் மற்ற பட்டைகள் 400 ஹெர்ட்ஸில்தான் தொடங்குவதால் பேஸை இன்னும் நுணுக்கமாகச் செதுக்க வழியில்லை.

கோடெக், அதாவது வயரில்லாமல் அனுப்ப ஒலியைச் சுருக்கும் முறை, பற்றி அதிகம் கவலைப்படுகிறார்கள். சோனியின் கோடெக்கான எல்டாக் நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும், கூட்டமான இடத்தில் 330-க்கு இறங்கவும் செய்யும். ஐபோனில் எல்டாக் கிடையாது. எக்ஸ்எம்4-ஐ இரண்டு கருவிகளோடு ஒரே நேரத்தில் இணைத்தாலும் அது கிடைக்காது. ஓடும் ரயிலில் என்னால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. சார்ஜ் தீர்ந்து வயரில் கேட்கும்போது தெரியும் வித்தியாசம்தான் பெரிது. உள்ளே ஒலியைத் திருத்தும் சிப் ஓய்ந்துவிடுவதால் ஒலி மந்தமாகிவிடும்.

ஒன்றுதான் வாங்க முடியும், பாதி நேரம் பயணம் என்றால் இஆர்4எஸ்ஆர். காதுக்குள் எதையும் செருக முடியாதவர் எக்ஸ்எம்4 வாங்கி முதல் நாளே பேஸை இறக்கட்டும். வயர்தான் வேண்டும், அறையிலும் வெளியிலும் ஒன்றே போதும் என்பவருக்கு எம்50எக்ஸ், கண்ணாடி போடாதவராக இருந்தால். கதவு சாத்திய அறையில், அவசரம் இல்லாத இரவில், நான் கையை நீட்டி எடுப்பது போர்ட்டா ப்ரோவைத்தான். அதன் பஞ்சு நைந்துபோனால் உடனே மாற்றிவிடுங்கள். பஞ்சு தட்டையானால் டிரைவர் காதுக்கு நெருங்கி ஒலி மாறிவிடும், கழற்றி மாட்ட ஒரு நிமிடம் போதும்.